காற்புள்ளியில் தொலைந்த இகரம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்ட சில வாரங்களின் பின், திருகோணமலையிலிருந்து இளம் செய்தியாளர் ஒருவர் எனக்கொரு கோப்பை அனுப்பியிருந்தார். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், எக்செல் விரிதாள். “ஐயா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. எங்கேயோ பிழை இருக்கு, எங்க எண்டு தெரியேல்லை” என்று கூடவே ஒரு குறிப்பு. திறந்து பார்த்தேன். பெயர்கள் யூனிகோட் தமிழில் பழுதில்லாமல் இருந்தன. தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் 26 என்று தொடங்கின. திருகோணமலையின் குறியீடு 026 என்பதை நாட்டில் எவரும் அறிவர். முன்னே நின்ற பூச்சியத்தை விரிதாள் விழுங்கிவிட்டது. அடுத்த நிரலில் தேசிய அடையாள அட்டை இலக்கங்கள். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டைகளில் இலக்கம் 12 தானங்கள் கொண்டது. 11 தானங்களுக்கு மேற்பட்ட எண்ணைப் பொது வடிவிலுள்ள கலத்தில் இட்டால் எக்செல் அதைச் சுருக்கி, 1.99 என்று எழுதி, ஈ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, +11 என்று முடித்துவிடும். ஆகவே பத்தொன்பது குடும்பத் தலைவர்கள் ஒரே இலக்கத்தோடு நின்றார்கள்.

அந்தத் தம்பிக்குப் பதில் எழுதினேன். கலத்தில் எண்ணை இடுமுன் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைத் தட்டவேண்டும், அல்லது அந்த நிரலை முன்கூட்டியே ‘உரை’ என்று வகுத்துவிடவேண்டும். அப்போதுதான் இயந்திரம் அதை எண்ணாகக் கருதாமல் எழுத்தாக ஏற்கும் என்று விளக்கினேன். எழுதி அனுப்பிய பின்னும் மனம் அங்கிருந்து அகலவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், ஆழிப்பேரலைக்குப் பிந்திய மாதங்களில், கொட்டியாரக் குடாவின் கரையில் கண்ட வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சற்றுச் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டியிருக்கிறது. பத்திரிகையாயின் உதவி ஆசிரியர் வெட்டியிருப்பார். இங்கே அவர் இல்லை.

என் தந்தையார் திருகோணமலை டொக்யார்ட்டில் சம்பளப் பகுதி எழுதுவினைஞராக இருந்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துப் போகும்வரை அங்கே பணிபுரிந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாடசாலை விடுமுறை நாள்களில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். வாயிற்காவலர் உள்ளே விடமாட்டார். அப்பா வெளியே வந்து, மர நிழலில் இருந்து உண்பார். விரல்களில் எப்போதும் இரண்டு நிற மை: நீலமும் சிவப்பும். சிவப்பு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

பேரேட்டில் பிழை விட்டால் சுரண்டக்கூடாது, அழிக்கக்கூடாது, மேலே மையைத் தடவி மறைக்கவும் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். பிழையான சொல்லின் மேல் ஒரேயொரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு மெல்லியதாக இருக்கவேண்டும்; கீழே உள்ள பிழை வாசிக்கத்தக்கதாக இருக்கவேண்டும். மேலே சரியான சொல். பக்கத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம், திகதி. “பிழை விட்டவனும் தெரியவேணும், திருத்தினவனும் தெரியவேணும்” என்று அப்பா சொன்னார். துறைமுகத் தொழிலாளர் ஒருவரின் பெயரை வெள்ளைக்கார அதிகாரி தன் காதில் விழுந்தபடி எழுதுவார். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் வந்து, “ஐயா, அது நானில்லை” என்பார். சிவப்புக் கோடு விழும். ஆனால் பழைய பெயரும் அங்கேயே கிடக்கும். அந்தப் பெயரில் இரண்டு மாதச் சம்பளம் வழங்கப்பட்டிருக்கிறதே, அதற்குச் சாட்சி வேண்டாமா?

பெயரை எழுதிவைத்து ஆளும் வழக்கம் நம் கரைக்கு டொக்யார்ட்டோடு வந்ததன்று. கோணேசர் கல்வெட்டு என்று நாம் அழைக்கும் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் கல் இருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்தது ஏட்டில். கோணேசர் கோயிலில் தானத்தார் யார், வரிப்பத்தார் யார், எவருக்கு எந்தத் தொழும்பு என்று அது வகுத்துக் கூறுகிறது. ஒரு வகையில் அதுவும் ஓர் இடாப்புத்தான். போர்த்துக்கேயர் தங்கள் மொழியின் சொல்லொன்றைக் கொண்டுவந்தார்கள். அது தமிழில் ‘தோம்பு’ ஆயிற்று. ஒல்லாந்தர் அந்தத் தோம்பை விரிவாக்கி, குடிகளுக்கு ஒன்றும் காணிக்கு ஒன்றுமாக ஏடுகள் எழுதினார்கள். அவற்றில் எஞ்சியவை இன்றும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பின்னர் வந்த பிரித்தானியர் 1871 இல் நாடு முழுவதற்கும் முதலாவது குடிசன மதிப்பை எடுத்தார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுப் பத்திரங்களில் இலக்கமிட்ட கூடுகள் வந்தன. ‘கூட்டினுள் புள்ளடி இடுக’ என்று பரீட்சைத் தாளிலும் வாக்குச் சீட்டிலும் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு மனிதரின் பெயர் எந்தக் கூட்டுக்குள் அகப்படுகிறதோ அதைப் பொறுத்தே அரசாங்கம் அவரை அறிகிறது.

பிரட்றிக் கோட்டையின் வாயிலில் பதிக்கப்பட்டிருக்கும் கல்லெழுத்தைக் கண்டிருப்பீர்கள். எழுத்துகள் பல சிதைந்தவை. அறிஞர்கள் இடைவெளிகளைத் தங்கள் ஊகத்தால் நிரப்பி வாசித்திருக்கிறார்கள். அந்த வாசிப்பை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கல்லருகே போய் நின்றால் எந்த எழுத்து இருக்கிறது, எது இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். இடைவெளி இடைவெளியாகவே நிற்கும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1978 இல் ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் மாணவராக இருந்த டான் பிரிக்லின், வகுப்பில் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் கணக்கு அட்டவணை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் எண் பிழைத்தது. அதைத் துடைத்து மாற்றியதும், அதைச் சார்ந்த மற்ற எண்கள் யாவற்றையும் பேராசிரியர் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து எழுதவேண்டியதாயிற்று. ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் கரும்பலகை இருந்தால் எப்படியிருக்கும் என்று பிரிக்லின் எண்ணினார். அவரும் நண்பர் பொப் பிராங்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகல்க், 1979 இல் அப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. கடைக்காரரும் கணக்காளரும் மேசைக் கணினியை வாங்கத் தொடங்கியது அதன் பின்புதான் என்று கணினி வரலாறு எழுதுவோர் கூறுவர். 1983 இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985 இல் மக்கின்டொஷுக்கும் 1987 இல் விண்டோசுக்கும் எக்செல் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விரிதாளின் பிறப்புக்குக் காரணமே அழிப்பதில் உள்ள சிரமந்தான். பேரேடு அழிக்காதே என்றது. விரிதாள் சிரமமின்றி அழி என்றது. ஒரு கலத்தைத் தெரிந்துகொண்டு ஏதேனுமொரு விசையைத் தட்டிப் பாருங்கள். முன்பு அங்கிருந்தது முழுவதும் போய், புதிதாகத் தட்டிய எழுத்து அதன் இடத்தில் நிற்கும். உள்ளே சென்று ஓர் எழுத்தை மாத்திரம் திருத்த விரும்பினால் எப் 2 என்ற விசையை அழுத்தவேண்டும். லோட்டஸ் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. தவறித் தட்டிவிட்டால் எஸ்கேப் விசை காப்பாற்றும், என்டரை அழுத்துமுன் நினைவு வந்தால். கோப்பைச் சேமித்து மூடியபின் பழைய சொல் எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. சுருக்கொப்பமும் இல்லை, திகதியும் இல்லை.

நம்முடைய தமிழ்ப் பாடநூல்கள் அந்தச் சதுரத்துக்குக் கலம் என்று பெயர் வைத்தன. துறைமுகத்தில் பிறந்தவனுக்கு அச்சொல் வேறு படங்களைக் காட்டும். கலம் என்றால் மரக்கலம். கலம் என்றால் உண்ணும் பாத்திரம். நெல் அளக்கும் அளவும் அதுவே. எதை இட்டாலும் ஏந்திக்கொள்ளும் ஒன்று. விரிதாளின் கலம் அப்படியன்று. இட்டதை ஆராயும். விசிகல்க் காலத்திலேயே, முதலில் தட்டும் விசையைக் கொண்டு வருவது எண்ணா எழுத்தா என்று அது தீர்மானித்துவிடும். எண் என்றால் மதிப்பு. எழுத்து என்றால் வெறும் சிட்டை. இன்றும் எக்செலில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கிறது, எழுத்து இடப்பக்கம் நிற்கிறது. எண்தான் வீட்டுக்காரன், எழுத்து விருந்தாளி. விருந்தாளியின் உடையைப் பார்த்து வீட்டுக்காரன் ஏதேதோ நினைத்துக்கொள்வான். மனிதரின் மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்களை மார்ச் 1, செப்டெம்பர் 1 என்ற திகதிகளாக எக்செல் மாற்றிக்கொண்டேயிருந்தது. கடைசியில் 2020 இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. எக்செல் மாறவில்லை, மரபணு மாறியது! அதே ஆண்டு ஒக்டோபரில், கொரோனாத் தொற்று உறுதிசெய்யப்பட்ட 15,841 பேரின் விவரம் இங்கிலாந்தின் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய வகை எக்செல் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லாமையே காரணம். வல்லரசுக்கே இந்தக் கதி.

தமிழ் எழுத்து இந்த வீட்டுக்குள் நுழைந்த விதம் இன்னும் விசித்திரமானது. யூனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், இலங்கைப் பத்திரிகை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது பாமினி என்ற எழுத்துரு. நானும் அதிலேயே பல்லாயிரம் பத்திகள் தட்டியிருக்கிறேன். பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய கைகளுக்கு அது இசைந்தது. ஆனால் அதன் உள்ளே இருந்தது தமிழன்று. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதியிருப்பதைக் கணினி எப்படி அறியும் தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா போய் அந்த ஐந்து குறிகள்தாம் மிஞ்சும்.

செய்திப் பக்கத்தில் இதனால் பெரிய தொல்லை இல்லை. விரிதாளில் தொல்லை தொடங்கும். சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தால் இரண்டாவதைத் தானாகச் சிறிதாக்கிவிடுவது எக்செலின் இயல்பு. ஆங்கிலம் தட்டுவோருக்கு அது உபகாரம், பாமினிக்காரருக்கு எழுத்துமாற்றம். சமக்குறிதான் ஸ்ரீ. ஒரு கலத்தில் சமக்குறியை முதலில் தட்டினால் அது சூத்திரம் என்று எக்செல் கருதும் என்பது விரிதாள் தொட்ட எவருக்கும் தெரியும். எனவே ஸ்ரீதரன் என்று தட்டினால் சூத்திரத்தில் பிழை என்று எச்சரிக்கை வரும். ஸ்ரீமதி என்று தட்டினால் எச்சரிக்கைகூட வராது, கலத்தில் ‘நேம்?’ என்ற பிழைக்குறி தோன்றும். பெயரைத்தானே ஐயா எழுதினேன் என்று யாரிடம் முறையிடுவது? இன்னொன்று: அதே நிரலில் முன்னர் இட்ட சொல் ஒன்றின் முதலெழுத்துகளைத் தட்டினால் மீதியைத் தானே நிரப்பிக் காட்டும் வசதி. மேலே இராசாத்தி என்றொரு பெயர் இருந்து, கீழே இராசா என்று தட்டி என்டரை அழுத்தினால், இராசாவும் இராசாத்தி ஆகிவிடுவார். அழிவிசையை ஒருதரம் அழுத்திய பின்பே என்டர் தட்டவேண்டும். நூற்றுக்கணக்கான பெயர்களை இரவிரவாகத் தட்டும் பிள்ளை எங்கே அதைக் கவனிக்கப் போகிறான்?

காற்புள்ளியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கதை அதில்தான் இருக்கிறது. பாமினியில் காற்புள்ளி விசையே இகரம். இலங்கை என்று எழுதத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நாங்கள் காற்புள்ளியைத்தான் தட்டினோம். நாட்டின் பெயரே காற்புள்ளியில் தொடங்கிற்று.

2004 டிசெம்பர் 26 அன்று கடல் எழுந்தபோது திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறம் ஓரளவு தப்பியது. வெளிக்கரை தப்பவில்லை. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. மூதூர், ஈச்சிலம்பற்று, வடக்கே நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் நெடுகிலும் இழப்பு. நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த வாரமே பட்டியல்கள் புறப்பட்டன. இறந்தோர் பட்டியல், காணாமற்போனோர் பட்டியல், வீடிழந்தோர் பட்டியல், முகாம் பட்டியல். ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே எழுதியது. ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் தன் விரிதாளைத் தானே வரைந்தது. இந்தக் குழப்பத்தைக் கண்டுதான் கொழும்பில் கணினித் துறைத் தொண்டர்கள் கூடி ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. ஆனால் நான் போன ஊரில் அதைக் காணவில்லை. அங்கே இருந்தது ஒரு மேசை, ஒரு பழைய கணினி, மின்பிறப்பாக்கி, எக்செல்.

இறந்தவர் ஒருவருக்கு ஈமச் செலவுக்கென 15,000 ரூபா. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. இந்தத் தொகைகள் பலருக்கு நினைவிருக்கும். பெயர் பட்டியலில் இருந்தால் பணம். இல்லையெனில் அடுத்த முறை வாருங்கள் என்ற வார்த்தை.

2005 இன் முற்பகுதியில் ஒருநாள், கிண்ணியாப் பாதையில் ஏறி அக்கரை போனேன். அப்போது பாலம் இல்லை. வாகனங்களையும் மனிதரையும் அந்தப் பாதைதான் இழுத்துக் கடத்தும். அங்கிருந்து உள்ளே போய்க் கொட்டியாரக் குடாவின் கரையில் ஒரு ஊர். பாடசாலையில் முகாம். நிவாரணம் பார்க்கும் ஓர் அலுவலகம் வகுப்பறை ஒன்றில் இயங்கிற்று. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை, நல்ல மனிதர்கள்தாம் இருந்தார்கள். சுவரில் ஆங்கிலப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன் முன்னே ஒரு வயோதிப அம்மா நின்றிருந்தார். என் கையில் குறிப்பேட்டைக் கண்டு உத்தியோகத்தன் என்று நினைத்துவிட்டார்.

“தம்பி, மூண்டுதரம் வந்திட்டன். பேர் இல்லையாம். விதானையார்ட கொப்பியில இருக்கு, இங்க இல்லையாம்.”

கணவர் கடலோடு போய்விட்டார். குடும்பத் தலைவர் என்ற முறையில் எல்லாம் அவர் பெயரில். அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. இகரத்தில் தொடங்குவது, ஆகையால் இளையதம்பி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அப்பெயரை ஈ என்ற எழுத்திலும் தொடங்குவார்கள், ஐ என்ற எழுத்திலும் தொடங்குவார்கள். இரண்டு இடத்திலும் தேடினேன். இல்லை. உள்ளே போய், தமிழில் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். கணினிக்கு முன்னே இருந்த பையன் அச்சிட்டுத் தந்தான். கண்கள் சிவந்திருந்தன, இரண்டு இரவுகளாக உறங்கவில்லை என்றான்.

நான் அந்தத் தாளை மேலிருந்து கீழ் வாசித்தேன். பிறகு மறுபடியும் வாசித்தேன். அகரத்தில் பெயர்கள் இருந்தன, ஆகாரத்தில் இருந்தன, ஈஸ்வரி என்று ஈகாரத்திலும் இருந்தன. இகரத்தில் ஒருவருமில்லை. தமிழர் வாழும் ஒரு கரையூரில் இராசையா இல்லை, இரத்தினம் இல்லை, இலட்சுமி இல்லை, இராமலிங்கம் இல்லை! அவர்கள் எல்லாரும் கீழே இருந்தார்கள்: ராசையா, ரத்தினம், லட்சுமி, ராமலிங்கம். அவர்களுக்கும் கீழே ‘ளையதம்பி’.

பாமினியில் கைபழகாத ஒருவருக்கு அது வெறும் தட்டச்சுப் பிழை. எனக்கு விரல் நுனியில் காற்புள்ளி உறுத்தியது. “தம்பி, இந்தப் பட்டியலை முதலிலை எதிலை அடிச்சனீங்கள்?” என்று கேட்டேன். வேர்டில் அடித்தது என்றான். பெயர், அட்டை இலக்கம், கிராமம் என்று காற்புள்ளி இட்டு வரிவரியாக அடித்து, பிறகு எக்செலுக்குக் கொண்டுவந்து, காற்புள்ளி வருமிடமெல்லாம் பிரித்துக் கலம் கலமாக்கியிருக்கிறார்கள். சரியான முறைதான், ஆங்கிலத்தில் என்றால். இகரத்தில் தொடங்கிய பெயர்களில் அந்த இகரமே எல்லைக்கோடாகிவிட்டது. முதற்கலம் வெறுமை, பெயரின் மீதி இரண்டாம் கலத்தில், அட்டை இலக்கம் மூன்றில், எல்லாம் ஒருபடி வலப்பக்கம் நகர்ந்துவிட்டன.

“ஓம் சேர், சில வரியள் தள்ளிப்போய்க் கிடந்தது. வெறும் கலத்தை அழிச்சு இடப்பக்கம் இழுத்துவிட்டிட்டன். எல்லாம் நேராகிட்டுது” என்றான். அவன் குரலில் இருந்த திருப்தியை நான் இன்றும் மறக்கவில்லை. நேராகத்தான் ஆகியிருந்தது. அதுதான் துன்பம். வலப்பக்கம் நகர்ந்து கிடந்தபோது பிழை கண்ணில் பட்டது. வெறுமையான கலம், கோட்டை வாயிற் கல்லின் இடைவெளிபோல, இங்கே ஏதோ இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நேராக்கியதும் அந்தச் சாட்சியும் போயிற்று. பிறகு அந்தத் தமிழ்ப் பட்டியலை யாரோ வேறிடத்தில் ஆங்கிலமாக்கியபோது ளையதம்பி ‘லையதம்பி’ ஆகி, எல் என்ற எழுத்தின் கீழ் போய்ச் சேர்ந்தார். அம்மா மூன்று முறை வந்தும் எல்லின் கீழ் எவரும் தேடவில்லை. தேடத் தோன்றுமா?

இதில் ஒரு கொடுமை உண்டு. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது நன்னூல் படித்தவர்க்குத் தெரியும். வடசொல்லாக வந்த ராமனுக்கு முன்னே இகரத்தை வைத்து இராமன் ஆக்கி, நம் நாவுக்கு இசைவித்தார்கள் முன்னோர். பல நூற்றாண்டுகள் ஒட்டியிருந்த அந்த இகரத்தைக் காற்புள்ளி என்று எண்ணி ஒரு நொடியில் உதிர்த்துவிட்டது இயந்திரம். ராமலிங்கம் என்றாவது வாசிக்கலாம். ளகரத்தில் தொடங்கும் மனிதர் உலகத்தில் எங்கே இருக்கிறார்?

வேர்டில் அடித்த மூலக் கோப்பைக் கேட்டேன். இடம் போதாமல் அழித்துவிட்டார்கள். எக்செலில் பின்னோக்கிப் போகவும் வழியில்லை. இன்று நிலைமை வேறு. கூகிள் விரிதாளில் 2019 முதல் ஒரு கலத்தை மட்டும் தெரிந்து, யார் எப்போது எதை எதுவாக மாற்றினார் என்று பார்க்கலாம். எக்செலிலும் 2021 தொடக்கம் அத்தகைய வசதி வந்திருக்கிறது. அப்பாவின் சிவப்புக் கோடு அறுபது ஆண்டுகள் கழித்துக் கணினிக்குள் திரும்பியது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. 2005 இல் அந்த வகுப்பறையில் அது இல்லை.

இருந்தது கிராம சேவகரின் கொப்பி. நீலக் கோடிட்ட சாதாரணப் பாடசாலைக் கொப்பி. கடல் வந்து மூன்றாம் நாள் தொடங்கி வீடுவீடாக, இல்லை, வீடிருந்த இடமிடமாகப் போய் அவர் கையால் எழுதியது. ஆளை அழைத்து வந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தன் சொந்தக்காரரில் எவரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொப்பியையும் அச்சிட்ட தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களில் இகரம் உதிர்ந்திருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஆங்கிலத் தாளில் லையதம்பி என்றிருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்து, மேலே சரியான எழுத்துகளை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, திகதியும் போட்டார். முப்பதுக்கு மேற்பட்ட இடங்களிலும் அப்படியே. கடைசியில் இறப்பர் முத்திரை. எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. விதானைமார் காலத்திலிருந்து வரும் வழக்கம் போலும்.

அந்தத் தாள் பணம் கொடுக்கும் இடத்தில் செல்லுபடியாயிற்று. சிறாப்பர் சிவப்பு எழுத்தின் கீழே விரலை ஓட்டிப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், நோட்டுகளை எண்ணினார். அம்மா கைநாட்டு வைக்காமல் ஒப்பமிட்டார்.

நான் கொழும்பு திரும்பி ஒரு செய்தி எழுதினேன். ஆறாம் பக்கத்தில் மூன்றங்குலம் வந்தது. அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனபோது சுவரில் புதிய பட்டியல் ஒட்டியிருந்தது. எல்லின் கீழ் பார்த்தேன். லையதம்பி அங்கேயே இருந்தார். தாளைத் திருத்தினோமே தவிர, கோப்பைத் திறந்து அந்தக் கலத்தைத் திருத்தவேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. கிராம சேவகர் கதிரையொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.